பிடித்த ஊசி, பிடிக்காத ஊசி

என் அம்மாவின் இடது புஜத்தில் ஒரு வட்டத் தழும்பு இருக்கிறது. ஓரம் சுருங்கி, நடுவில் சற்றே குழிந்து, விரலை வைத்தால் வழுவழுப்பாக இருக்கும். மலேசியாவில் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ரப்பர் தோட்டம் ஒன்றில், அவருடைய ஐந்தாவது வயதில், தோட்டத்து மருந்தக உதவியாளரான டிரெஸர் அம்மை குத்திய இடம் அது. குத்தி ஒரு வாரம் கழித்து டிரெஸர் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வருவாராம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கையைப் பார்ப்பாராம். கொப்புளம் எழும்பியிருந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். எழும்பாத பிள்ளைக்கு மறுபடியும் குத்து. அம்மாவுக்கு முதல் குத்திலேயே பிடித்துவிட்டது. சின்னம்மாவுக்கு இரண்டாம் முறைதான் பிடித்தது. அம்மா இதை இன்றுவரை சின்னம்மாவிடம் சொல்லிக் காட்டுகிறார்.

இந்த 'பிடித்தல்' என்ற ஒரு சொல்தான் 2021இல் எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் நீடித்த ஒரு சண்டைக்கு மூலம்.

நான் ஊரில் ஒரு தனியார் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் கவுண்டரில் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். அதனால் கோவிட் தடுப்பூசி எனக்கு முதல் கட்டத்திலேயே, ஏப்ரல் மாதம், கிடைத்துவிட்டது. ஃபைசர் ஊசி. முதல் தடவை கை வலித்ததோடு சரி. இருபத்தொரு நாள் கழித்துப் போட்ட இரண்டாம் ஊசி என்னைப் புரட்டி எடுத்துவிட்டது. நள்ளிரவில் குளிர் எடுத்தது. இரண்டு போர்வையும் போதவில்லை. 38.6 காய்ச்சல். மறுநாள் மாலை நான்கு மணிக்கு ஏதோ சுவிட்சைத் தட்டியதுபோல் எல்லாம் நின்றுவிட்டது. அம்மா இரவு முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

ஜூனில் அம்மாவின் முறை வந்தது. எழுபத்திரண்டு வயது, இரத்த அழுத்தம், முழங்கால் வலி. என் பாட்டைப் பார்த்திருந்ததால் அவர் போருக்குப் போவதுபோல் தயாரானார். மிளகு ரசத்துக்குப் புளி ஊறியது. பாரசிட்டமோல் இரண்டு அட்டை தலையணைக்கு அடியில் போனது. இரண்டு நாளைக்குத் தன்னைத் தேட வேண்டாம் என்று பக்கத்து வீட்டு மங்கையர் எல்லோருக்கும் தகவல் போனது. ஊசி போட்டு வந்தார். படுத்தார். காலை ஐந்தரை மணிக்கு வழக்கம்போல் எழுந்து விளக்கேற்றிவிட்டு வாசலில் நின்று கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வலிகூட இல்லை. இரண்டாம் ஊசிக்கும் அதே கதை.

"உனக்குப் பிடித்துவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை," என்றார். அந்தக் குரலில் இருந்தது ஏமாற்றம்தான், நிம்மதி இல்லை.

நான் அன்று சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. ஆண்டுக் கடைசியில் பூஸ்டருக்கு அழைப்பு வந்தபோது அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை: "இரண்டு தடவை பிடிக்காத மருந்தை மூன்றாவது தடவை எதற்கு?"

பதில் தேடித்தான் எங்கள் டாக்டரிடம் போனேன். மதிய இடைவேளையில், சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தள்ளி வைத்துவிட்டு, 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வை அவர் விளக்கினார். ஃபைசரும் பயோஎன்டெக்கும் தொடக்கத்தில் ஒரே மாதிரியான இரண்டு தடுப்பூசிகளைக் கையில் வைத்திருந்தன. ஒன்று கிருமியின் மேலே துருத்தி நிற்கும் முள்புரதத்தில் ஒரு துண்டை மட்டும் உடலுக்குக் காட்டுவது; மற்றது முழு முள்ளையும் காட்டுவது. 18 முதல் 55 வயதுவரை ஒரு பிரிவு, 65 முதல் 85 வயதுவரை இன்னொரு பிரிவு, மொத்தம் 195 பேர். பன்னிரண்டு பன்னிரண்டு பேராக மருந்து போட்டு, ஒவ்வொரு குழுவிலும் மூன்று பேருக்கு வெறும் உப்புநீர் போட்டுப் பார்த்தார்கள். 30 மைக்ரோகிராம் அளவில் இரண்டாம் ஊசிக்குப் பிறகு, துண்டு மருந்து போட்ட இளையவர்கள் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேருக்குக் காய்ச்சல். முதியவர்களில் நான்கு பேருக்கு. முழு முள் மருந்தில் இளையவர்களில் இரண்டு பேர், முதியவர்களில் ஒருவர். இரண்டும் எதிர்ப்புப் புரதத்தை, அதாவது ஆன்டிபாடியை, ஏறக்குறைய ஒரே அளவில் உண்டாக்கின. அப்படியானால் உடம்பைக் குறைவாக வருத்துவதைத் தேர்ந்தெடுப்போம் என்று முடிவாயிற்று. நாங்கள் எல்லோரும் கையில் வாங்கியது அந்த இரண்டாவது மருந்தைத்தான்.

அதாவது, அம்மாவுக்குக் காய்ச்சல் வராதது மருந்தின் குறையாகவோ அம்மாவின் குறையாகவோ இருக்க வேண்டியதில்லை. காய்ச்சல் வராத மருந்து வேண்டும் என்று பார்த்துத்தான் பொறுக்கியிருக்கிறார்கள். பிறகு நாற்பத்து மூவாயிரம் பேரிடம் நடந்த பெரிய ஆய்விலும் இதே போக்குதான். இரண்டாம் ஊசிக்குப் பின் காய்ச்சல் கண்டவர்கள் 55 வயதுவரை 16 விழுக்காடு, அதற்கு மேல் 11 விழுக்காடு. தலைவலி 52க்கு 39. ஆனால் நோயைத் தடுத்த அளவு 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடமும் 94 விழுக்காட்டுக்கு மேல்.

எண்களை அம்மாவிடம் சொன்னால் எடுபடாது என்று எனக்குத் தெரியும். அவர் முப்பது ஆண்டுகள் பால்வெட்டியவர். அதற்கு முன் நாற்றங்காலில் ஒட்டுக்கட்டும் வேலையில் இருந்தவர். அந்த வழியாகத்தான் போனேன்.

முதலில் அம்மை குத்து. அந்த மருந்தில் உயிருள்ள கிருமி இருந்தது. குத்திய இடத்தில் அது பெருகினால்தான் வேலை நடக்கும். பெருகினால் கொப்புளம் வரும். ஆகையால் டிரெஸர் கொப்புளத்தைத் தேடியது முழுக்க முழுக்கச் சரி. கோவிட் ஊசியில் உயிருள்ள கிருமி எதுவும் இல்லை. இதில் காய்ச்சலும் குளிரும் உடலின் வாசல் காவல்காரன் போடும் கூச்சல். எதிர்ப்புப் புரதம் செய்வது உள்ளே இருக்கும் வேறு ஆட்கள். அவர்கள் வேலை முடிக்க இரண்டு வாரம் ஆகும், சத்தம் வராது. வயது ஏற ஏறக் காவல்காரனின் குரல் கம்மிவிடுகிறது. கூச்சல் கேட்கவில்லை என்பதால் உள்ளே வேலை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது.

"அப்படியென்றால் எனக்கும் பிடித்துவிட்டது. பிறகு எதற்கு மூன்றாவது?" என்றார். அம்மாவை வாதத்தில் வென்றவர் யாரும் எங்கள் வம்சத்தில் இல்லை.

இங்கேதான் நாற்றங்கால் உதவியது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. புதுக் கிருமியை அடையாளம் காணும் இளம் அணுக்கள் அங்கேதான் முதிர்ச்சி பெறுகின்றன. பருவ வயதிலிருந்தே அது சுருங்கத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுப்பாக மாறிவிடுகிறது. எழுபது வயதில் அந்த நாற்றங்கால் கிட்டத்தட்ட மூடிக் கிடக்கும். பழைய மரங்கள் நிற்கும். பழைய நோய்களுக்கு அவை பால் கொடுக்கும். இதுவரை பார்த்திராத கிருமிக்குப் புதுக் கன்று வேண்டும், கன்றோ கொஞ்சம்தான். அதனால் வயதானவர்களிடம் எதிர்ப்புப் புரதம் இளையவர்களைவிடக் குறைவாகவே உண்டாகிறது. நாள் போகப் போக வற்றவும் செய்கிறது. காய்ச்சல் வந்து குதித்த எனக்கு மூன்றாவது ஊசி நல்லது என்றால், சத்தமில்லாமல் எழுந்து விளக்கேற்றிய அவருக்கு அது என்னைவிட அவசியம்.

அம்மா ஒட்டுக்கட்டும் கத்தியைப் பிடிப்பதுபோல் விரலை மடக்கி வைத்துக்கொண்டு கேட்டார். "கிழட்டுத் தோப்புக்கு உரம் கூடப் போட வேண்டும் என்கிறாய்," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகும் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் பூஸ்டர் போட்டால்தான் முழுத் தடுப்பூசி நிலை நீடிக்கும் என்று அறிவிப்பு வந்தது. அந்த நிலை இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை தோசைக் கடைக்குள் உட்கார முடியாது என்று தம்பி தடுப்பூசி நிலையைக் காட்டும் மைசெஜாத்ரா கைபேசிச் செயலியைக் காட்டி மிரட்டினான். மறு வாரமே போட்டுக்கொண்டார். தைமஸ் பாதி, தோசை பாதி.

இடையில் சின்ன மாமாவின் கதை ஒன்று உண்டு. இது நடந்திராவிட்டால் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், பாதிப் பேர் இன்னும் சீக்கிரம் ஊசி போட்டிருப்பார்கள்.

மாமாவுக்கு அறுபத்தாறு வயது, நீரிழிவு. சுகாதாரக் கிளினிக்கில் இரத்தம் எடுக்கும் நாளில் எப்போதும் பசியாறாமல் போய்ப் பழகியவர். ஊசிக்கும் அப்படித்தான் போக வேண்டும் என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். பசியாறவில்லை, ஆனால் காலை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டார். அது கிளிக்ளசைட், சர்க்கரையை நன்றாக இறக்கும் மாத்திரை. மண்டபத்தில் இரண்டு மணி நேர வரிசை. ஊசி போட்டு, பதினைந்து நிமிடம் உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்கார்ந்தவருக்குச் சட்டை நனையும் அளவுக்கு வியர்த்தது, கை நடுங்கியது, பக்கத்திலிருந்தவர் மேல் சாய்ந்துவிட்டார். தாதியான மிஸ்ஸி ஓடி வந்து விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை 3.1 மில்லிமோல். நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து. இனிப்பான மைலோ கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, தன் செருப்பு எங்கே என்று கேட்டார்.

மைலோ குடித்துத் தெளிந்தார் என்ற செய்தி மண்டபத்தைத் தாண்டவில்லை. ஊசி போட்டதும் விழுந்தார் என்ற செய்தி மாமா வீடு திரும்புவதற்கு முன்பே தாமானை இரண்டு சுற்று சுற்றி வந்துவிட்டது.

அன்றிலிருந்து யார் பெரியவர்களைத் தடுப்பூசிக்கு அழைத்துப் போனாலும் நான் முதலில் கேட்பது பசியாறினார்களா என்பதைத்தான். ஊசிக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. வழக்கமான மாத்திரைகளை வழக்கம்போல் போடலாம், சாப்பாட்டோடு. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்திவிட்டு வரக் கூடாது. ஊசி போடும் மிஸ்ஸியிடம் முன்கூட்டியே சொன்னால் மெல்லிய ஊசியால் போடுவார். போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்திருந்தால் போதும். நம் பெரியவர்களுக்கு எதைக் கண்டாலும் தைலம் போட்டுத் தேய்க்கக் கை பரபரக்கும். தடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, எந்தக் கையேட்டிலும் நான் பார்க்காதது: இரவிக்கை. சேலை கட்டிப் போகும் பாட்டிமார்களின் இரவிக்கைக் கை முழங்கைக்கு மேல் இறுக்கமாகப் பிடித்திருக்கும். அதை மேலே ஏற்றவும் முடியாது, கொக்கியைக் கழற்றக் கூச்சம். கடைசியில் புஜத்தின் கீழ்ப்பகுதியில், தசை இல்லாத இடத்தில் போட வேண்டிய நிலை வந்துவிடுகிறது. தோளுக்குக் கீழே இருக்கும் தடித்த தசையில்தான் போட வேண்டும். அம்மாவுக்கு ஒரு பழைய இரவிக்கையின் தையலைப் பிரித்து வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே ஊசி இரவிக்கை.

பாரசிட்டமோலை ஊசிக்கு முன்பே போட்டுக்கொண்டு போகிற வழக்கத்தையும் நான் ஆதரிப்பதில்லை. வலியோ காய்ச்சலோ வந்தபின் போட்டால் போதும். வராமலே போகலாம், அம்மாவுக்கு நடந்ததுபோல்.

வயதானவர்களுக்கு எல்லாமே சாது, இளையவர்களுக்கு எல்லாமே முரடு என்று எடுத்துக்கொண்டுவிடவும் கூடாது. காய்ச்சல், கைவலி போன்ற சின்னத் தொல்லைகள் இளையவர்களுக்கு அதிகம். அபூர்வமான பெரிய பாதிப்புகளிலும் சில அவர்கள் பக்கம்தான் சாய்கின்றன. அஸ்ட்ராஜெனெகா ஊசிக்குப் பின் மிக அரிதாக வந்த இரத்தக் கட்டி இளையவர்களிடம் கூடுதலாகத் தெரிந்ததால்தான் 2021 ஏப்ரலில் பிரிட்டன் 30 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வேறு ஊசி தரச் சொன்னது. மே மாதம் அந்த வரம்பை 40 ஆக உயர்த்தியது. ஃபைசர், மொடர்னா வகை ஊசிக்குப் பின் வரும் இதயத்தசை அழற்சியும் பதின்ம வயது, இருபதுகளில் இருக்கும் ஆண்களிடம்தான், பெரும்பாலும் இரண்டாம் ஊசிக்குப் பிறகு சில நாட்களுக்குள், அதிகமாகக் காணப்பட்டது. அதுவும் அரிது, பெரும்பாலானோர் குணமாகிவிட்டார்கள். இருந்தாலும் அக்காள் மகன் அந்த ஆண்டு செப்டம்பரில் பள்ளி மாணவர்களோடு ஊசி போட்டுக்கொண்டபோது அவனிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: ஒரு வாரத்துக்குப் பந்து விளையாட்டு வேண்டாம், நெஞ்சு வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ விடிய விடியக் காத்திருக்காமல் எழுப்பு. ஒன்றும் நடக்கவில்லை. பந்தும் மூன்றாம் நாளே உதைக்கப்பட்டது.

முதியவர்களிடம் பார்க்க வேண்டியது வேறு. இதை நான் ஊசியிலிருந்து கற்கவில்லை, நோயிலிருந்து கற்றேன். 2022 மார்ச் தொடக்கத்தில் நாட்டில் தினசரித் தொற்று முப்பதாயிரத்தைத் தாண்டியபோது எங்கள் வீட்டுக்கும் வந்தது. தம்பிக்கும் எனக்கும் இருமல், காய்ச்சல், தொண்டையில் முள். அம்மா நன்றாக இருக்கிறார் என்றே நினைத்தோம். ஒரு நாள் காலை ஆறு மணி ஆகியும் விளக்கு எரியவில்லை. போய்ப் பார்த்தால் கட்டிலில் உட்கார்ந்து தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். எதற்கு எடுத்தோம் என்று தெரியவில்லை அவருக்கு. உடல் வெப்பம் 37.3. கிளினிக்கில் யாராவது வந்து இந்த எண்ணைச் சொல்லியிருந்தால் காய்ச்சல் இல்லை என்று அனுப்பியிருப்பேன். ஆனால் சும்மா இருக்கும் நாளில் அம்மாவின் வெப்பம் 36.1. அவருக்கு அது ஒரு பாகைக்கு மேல் ஏற்றம். முதியவர்களிடம் வழக்கமான அளவிலிருந்து 1.1 பாகைக்கு மேல் கூடினாலே, அல்லது வாயில் வைத்துப் பார்க்கும்போது 37.8ஐத் தாண்டினாலே காய்ச்சலாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் டாக்டர் சொல்லி அறிந்தேன். பரிசோதனையில் இரண்டு கோடு. ஐந்தாம் நாள் தெளிந்தார், மருத்துவமனைக்குப் போகாமல். பூஸ்டர்தான் காப்பாற்றியது என்று ஒரு வீட்டை வைத்து அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. அதை ஆயிரக்கணக்கானோரைக் கணக்கெடுத்த ஆய்வுகள் சொல்லட்டும். எங்கள் வீட்டில் மாறியது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் தொங்கும் சிறு நோட்டு. நலமாக இருக்கும் நாளின் வெப்பம், இரத்த அழுத்தம், சர்க்கரை. ஊசிக்குப் பிறகு ஏதாவது சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் அளவுகோல். காய்ச்சல் இல்லாவிட்டாலும் திடீர்க் குழப்பம், சாப்பிட மறுப்பு, தள்ளாட்டம், எழுப்ப முடியாத தூக்கம் இவற்றில் ஒன்று இருந்தால் கிளினிக்குக்குக் கிளம்பிவிடுவோம். ஊசி போட்ட முதல் இரவு கழிவறை விளக்கை அணைப்பதில்லை. தலை சுற்றி வழுக்கி விழுவதைத்தான் ஊசியைவிட நான் அதிகம் பயப்படுகிறேன்.

சென்ற ஆண்டு சின்னம்மாவுக்கு அக்கி வந்தது. முதுகிலிருந்து விலாவைச் சுற்றி நெருப்புக் கயிறு கட்டியதுபோல் கொப்புளம். சின்ன வயதில் அவருடைய தாத்தா அக்கிக்குக் காவி எழுதுவாராம், சிங்கத்தின் உருவம் போடுவாராம். இப்போது எழுதுவதற்கு ஆள் இல்லை. நல்லவேளை, மூன்றாம் நாளுக்குள் மாத்திரை தொடங்கிவிட்டோம். ஆனாலும் கொப்புளம் காய்ந்து மூன்று மாதம் ஆகியும் சட்டை பட்டாலே துடித்தார்.

அதைப் பார்த்து அம்மா தானாக வந்து கேட்டார், அக்கிக்கு ஊசி உண்டா என்று. உண்டு. அதன் கதைதான் கிழட்டுத் தோப்புக்கு உரம் போடுவதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சாட்சி. பழைய அக்கித் தடுப்பூசி உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தது. 60 வயதுக்கு மேற்பட்டோரில் பாதிப் பேரைத்தான் அது காத்தது. 70ஐத் தாண்டியவர்களில் 38 விழுக்காடுதான். வயதோடு சேர்ந்து மருந்தும் தளர்ந்தது. புதியதான ஷிங்ரிக்ஸில் உயிருள்ள கிருமி இல்லை. கிருமியின் ஒரு புரதமும், காவல்காரனை உலுக்கி எழுப்பும் துணை மருந்தும் சேர்ந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 விழுக்காடு, 70ஐத் தாண்டியவர்களிடமும் ஏறக்குறைய 90. உலுக்கி எழுப்புவதற்குக் கூலி உண்டு: ஆய்வில் முக்கால்வாசிப் பேருக்கும் மேல் கை வலித்தது, ஐவரில் ஒருவருக்குக் காய்ச்சல். இரண்டு ஊசி, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளி. விலை கையைக் கடிக்கிறது. நாங்கள் மூன்று பிள்ளைகளும் பங்கு போட்டுக்கொண்டோம்.

ஈப்போவில் போட்டுக்கொண்டு, கோலகங்சார் சாலையில் திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா நன்றாகப் பேசிக்கொண்டு வந்தார். இரவு பத்து மணிக்குத் தோள் சிவந்து சூடானது. பன்னிரண்டு மணிக்கு 38.1. போர்வை கேட்டார். நோட்டைப் பார்த்தேன், நேரம் எழுதினேன், பாரசிட்டமோல் கொடுத்தேன், கழிவறை விளக்கைப் போட்டேன். விடிந்ததும் ஊசி இரவிக்கையோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேலிக்கு அப்பால் சின்னம்மாவுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"முதல் குத்திலேயே பிடித்துவிட்டது."